வாளும் மந்திரமும் உள்ள உலகில் துவக்குக்கு இடம் உண்டா?

"அண்ணை, வாள் கேமுக்குள்ள துவக்கு வந்தா, பிறகு வாள் என்னத்துக்கு?"

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கேம் விளையாடும் தம்பிமாரோடு கதைக்கும்போது இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். நல்ல கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கற்பனை உலகங்களில் ஆரம்பகாலத் துவக்குக்கு இடம் உண்டு. ஆனால் அதை உள்ளே கொண்டுவரும் கேம், அதன் சத்தம், புகை, மெதுவான வேகம், வெடிமருந்துக்கான செலவு, அதை யார் வைத்திருக்கலாம் என்ற அரசியல் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். இன்னொரு வில்லாக மட்டும் வைப்பதென்றால் வைக்காமலே விடலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை, இந்த வகைக் கேம்களை இதுவரை தொட்டுப் பார்க்காதவருக்கும் விளங்கும்படி அடியிலிருந்து எழுதுகிறேன்.

ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி, என்பது நீங்கள் ஒரு பாத்திரத்தை ஏற்று விளையாடும் கேம். உங்கள் ஆள் வாள்வீரனா, திருடனா, மந்திரவாதியா என்று நீங்களே முடிவுசெய்கிறீர்கள். சண்டை பிடிக்கப் பிடிக்க அனுபவப் புள்ளி சேரும், புள்ளி சேர லெவல் ஏறும், லெவல் ஏற ஆளின் பலம் கூடும். இதன் வேர் கணினியில் இல்லை. 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் இருக்கிறது. கடதாசி, பென்சில், பகடை வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி இருந்து விளையாடுவது அது. ஃபேன்டசி என்றால் மந்திரம் உண்மையாக வேலை செய்யும் கற்பனை உலகம். பெரும்பாலும் பழைய ஐரோப்பாவின் சாயலில் கோட்டை, குதிரை, கவசம் எல்லாம் இருக்கும். இந்த வடிவத்துக்குப் பெரிய அளவில் காரணம் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதைகள். அவற்றில் வாணவேடிக்கை உண்டு, சுவரைத் தகர்க்கும் வெடி கூட உண்டு, கையில் பிடிக்கும் துவக்கு இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த உலகங்களிலும் அது இல்லாமல் போனது.

அடுத்து, ஆரம்பகாலத் துவக்கு. நான் இங்கே கதைப்பது சுமார் 14 ஆம் நூற்றாண்டில் இருந்து 17 ஆம் நூற்றாண்டு வரை இருந்தவற்றைப் பற்றி. இதைத் திருத்தமாகச் சொல்ல வேண்டிய தேவை மற்ற இடங்களை விட வன்னியில் கூட. இங்கே துவக்கு என்றால் மனதில் வருவது 2009 வரை நாங்கள் கேட்ட சத்தங்கள்தான். விசையை அழுத்திப் பிடித்தால் சன்னங்கள் தொடர்ந்து பாயும் அந்தக் கருவிக்கும், ஒரு வெடிக்குப் பிறகு வெறும் இரும்புக் குழலாகிவிடும் பழைய துவக்குக்கும் இடையே பல நூறு வருட வித்தியாசம் இருக்கிறது. கேமில் துவக்கு வேண்டுமா என்று வாதம் வரும்போது, ஒருவர் முதலாவதை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்பார், மற்றவர் இரண்டாவதை நினைத்துக்கொண்டு வேண்டும் என்பார். பாதி வாதம் அதிலேயே போய்விடும்.

முதலில் வந்தவை மிக எளிமையானவை. தடி ஒன்றின் முனையில் இரும்பு அல்லது வெண்கலக் குழல், குழலின் அடியில் ஒரு துளை. ஒரு கையால் தடியைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் தணலைத் துளையில் வைக்க வேண்டும். குறிபார்க்கக் கண்ணுக்கு நேரம் இல்லை. 15 ஆம் நூற்றாண்டில்தான் எரியும் திரியை ஒரு கவ்வியில் பொருத்தி, கீழே உள்ள விசையை அழுத்தினால் அது தானாக மருந்தில் இறங்கும் ஏற்பாடு வந்தது. திரித் துவக்கு என்று அதைச் சொல்லலாம். இரண்டு கையும் துவக்கில், கண் இலக்கில். 16 ஆம் நூற்றாண்டில் சில்லு சுழன்று பொறி தட்டும் வகையும், 17 ஆம் நூற்றாண்டில் தீக்கல் வகையும் வந்தன. ஆனால் ஃபேன்டசி கேம்களுக்கு மிகப் பொருத்தமானது இந்தத் திரித் துவக்குத்தான் என்பது என் எண்ணம்.

அதை நிரப்பும் வேலையைப் பாருங்கள். கொம்பிலோ சிறு மரக் குப்பியிலோ இருக்கும் மருந்தை அளவாகக் குழல் வாயில் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட்டு நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். குழலின் பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணியில் நொய் மருந்து வைத்து மூட வேண்டும். இவ்வளவும் செய்யும் நேரம் முழுக்க, எரிந்துகொண்டிருக்கும் திரியை மருந்தில் படாமல் விரலிடுக்கில் பிடித்திருக்க வேண்டும். பிறகு திரியை ஊதித் தணலாக்கி, கவ்வியில் பொருத்தி, கிண்ணியைத் திறந்து, குறிபார்த்து, அழுத்த வேண்டும். சில வேளை கிண்ணி மருந்து மட்டும் பற்றிப் புகைத்துவிட்டு அடங்கிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் நிமிடத்துக்கு ஒரு வெடி, நல்ல பயிற்சி இருந்தால் இரண்டு. அதற்குள் தேர்ந்த வில்லாளி பல அம்புகளை விட்டிருப்பான். குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லாததால் நூறு மீற்றருக்கு அப்பால் தனி ஓர் ஆளில் படுவது அதிர்ஷ்டம். வெடித்தவுடன் முன்னால் வெள்ளைப் புகைமூட்டம். மழை வந்தால் திரி அணையும், மருந்து நமுத்துப்போகும்.

காட்டோர வயல்காரரும் வேட்டைக்காரரும் வைத்திருந்த இடியன் துவக்கைப் பார்த்த வன்னிப் பெரியவர்களுக்கு இதில் பாதி புதிதாக இராது. குழலின் வாயால் மருந்து போட்டு இடித்து நிரப்புவது இரண்டுக்கும் பொது. காட்டுப்பன்றிக்கு ஒரு வெடிதான். பிழைத்தால், நீங்கள் திரும்ப நிரப்பி முடிக்கும்வரை பன்றி காத்து நிற்காது. வேட்டையின் திறமை முழுவதும் அந்த ஒரு வெடிக்கு முன்னால் இருந்தது: காற்றுப் பார்ப்பது, பதுங்குவது, கிட்டப் போவது, பொறுத்திருப்பது. கேம் வடிவமைக்கும் ஒருவர் இதைக் காது கொடுத்துக் கேட்டால் அவருக்குத் தேவையானதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

சரி, எதிர்ப்பவர்கள் சொல்லும் முதல் காரணத்துக்கு வருவோம். கவசமும் வாளும் இருந்த காலத்தில் துவக்கு இல்லை, ஆகவே பொருந்தாது என்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. சீனாவில் 1044 இல் தொகுக்கப்பட்ட போர்க்கலை நூல் ஒன்றிலேயே வெடிமருந்துக் கலவைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே 12 ஆம் நூற்றாண்டில் ஈட்டி முனையில் நெருப்புக் கக்கும் குழாய் கட்டிப் போரிட்டார்கள். 13 ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த வெண்கலக் கைத்துவக்கு கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 1326 இல் வரையப்பட்ட படத்தில் பீரங்கி இருக்கிறது. கேம்களில் நாங்கள் ஆசையோடு போட்டுப் பார்க்கும், தலைமுதல் கால்வரை மூடிய தகட்டுக் கவசம் உச்சத்துக்கு வந்தது 15 ஆம் நூற்றாண்டில். முழுக் கவச வீரனை விடப் பீரங்கி மூத்தது. அதுமட்டுமல்ல, கவசம் செய்தவர்கள் தங்கள் மார்புத்தகட்டின் மேல் தாங்களே சுட்டுப் பார்த்து, குண்டு பட்ட பள்ளத்தை அழிக்காமல் தரத்துக்குச் சாட்சியாக விட்டு விற்றார்கள். ஆளுயர இரட்டைக்கை வாளோடு நடந்த 16 ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கூலிப்படைகளின் அதே வரிசைகளில் திரித் துவக்குக்காரரும் நடந்தார்கள்.

எங்கள் பக்கத்தையும் பார்க்கலாம். 1520 இல் ராய்ச்சூரில் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் பக்கம் போர்த்துக்கேயத் துவக்குக்காரர் நின்றார்கள். அதே போரில் யானையும் குதிரையும் வில்லும் இருந்தன. 1526 இல் பானிபட்டில் பாபர் பீரங்கியும் திரித் துவக்கும் கொண்டு வென்றார். ஜப்பானுக்குத் திரித் துவக்கு 1543 இல் போர்த்துக்கேயரோடு போனது. 1575 இல் நாகாஷினோவில் சாமுராய்க் குதிரைப்படை அதன் முன்னால் விழுந்தது. சாமுராய் வாளையும் துவக்கையும் வெவ்வேறு யுகம் என்று நினைப்பவர்கள் இந்த ஓர் ஆண்டை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

இலங்கைச் செய்திதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. 1505 அளவில் போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கியபோது கோட்டை இராச்சியத்து அரசனுக்குப் போன தகவலை இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல் பதிந்து வைத்திருக்கிறது. வெள்ளை நிற மனிதர் வந்திருக்கிறார்கள், இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் போட்டிருக்கிறார்கள், ஓரிடத்தில் நிற்காமல் அங்கும் இங்கும் நடக்கிறார்கள், கல்லைத் தின்று இரத்தம் குடிக்கிறார்கள், அவர்களுடைய பீரங்கியின் முழக்கம் இடியை விடப் பெரிது என்று அந்தத் தகவல் போகிறது. கல் என்றது பாணை, இரத்தம் என்றது வைனை. இதில் கேம் செய்பவர் கவனிக்க இரண்டு விஷயம் இருக்கிறது. இரும்புக் கவசமும் பீரங்கியும் ஒரே கப்பலில், ஒரே ஆட்களோடு வந்து இறங்குகின்றன. அத்தோடு, முதன்முதலாக வெடிமருந்தைச் சந்தித்தவர்கள் அதைக் கல் தின்னும் மனிதர்களோடு சேர்த்து ஓர் அதிசயமாகத்தான் பார்த்தார்கள். ஃபேன்டசி கேட்கும் மனநிலை அதுவேதான். பிறகு 1560 இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுப்பு, 1619 இல் அங்கு ஆண்ட சங்கிலி குமாரனின் வீழ்ச்சி என்று அந்த அதிசயம் எங்கள் மண்ணுக்கு என்ன செய்தது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இன்னுமொன்று. வன்னியைப் போன்ற ஒரு கற்பனை ஊரை வரைந்தால், முற்றத்துப் பாயில் சிவப்பாகச் செத்தல் மிளகாய் காயும் காட்சியை யாராவது கட்டாயம் வைப்பார்கள். அடுப்படியில் மரவள்ளி அவியும். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492 க்குப் பிறகுதான் கடல் கடந்து இந்தப் பக்கம் வந்தன, மிளகாய் போர்த்துக்கேயரோடு வந்தது. அந்த மிளகாயைக் கேமுக்குள் விட்டவர், அது வந்த கப்பலையும் உள்ளே விட்டுவிட்டார். அந்தக் கப்பலில் துவக்கும் இருந்தது.

ஆனால் கற்பனை உலகம் வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுப்பட்டது அல்ல. அதனால் இந்தத் தேதிகளோடு வாதம் முடிந்துவிடாது. எதிர்ப்பவர்களிடம் இதை விட வலுவான காரணங்கள் இருக்கின்றன.

ஆர்பிஜியில் ஒவ்வொரு ஆளுக்கும் உயிர் ஓர் எண்ணாக இருக்கும். ஹெல்த் என்பார்கள். அடி பட்டால் அந்த எண் குறையும், பூச்சியமானால் சாவு. லெவல் ஏறிய வீரனுக்கு அது பல நூறாக இருக்கலாம். பத்து வாள் வெட்டு வாங்கிவிட்டு அவன் நடந்து போவதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். நெஞ்சில் பத்துக் குண்டு வாங்கிவிட்டு நடந்து போனால் மனது ஒப்பாது. சரி, ஒரே குண்டில் ஆள் விழட்டும் என்று வைத்தால் வாளைத் தூக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் விருப்பமானவர்களுக்காகத் துவக்கு விதிகள் இருந்தன. சேதத்தைக் கணக்கிட நீளத் துவக்குக்கு 12 முகப் பகடை, கனமான குறுக்குவில்லுக்கு 10 முகப் பகடை. கிட்டத்தட்ட ஒன்றுதான். சமநிலைக்கு அது பாதுகாப்பான வழி, ஆனால் துவக்கை எடுத்தவருக்குத் துவக்கை எடுத்த உணர்வே வராது. வெடிக்கு முன்னால் வைக்கும் விலையைக் கூட்டி, வெடியையும் பெரிதாக்குவதுதான் சரியான தீர்வு என்று நினைக்கிறேன். நிரப்ப நீண்ட நேரம், விட்டால் பெரிய சேதம், பிறகு வாளை உருவு.

அடுத்த கேள்வி மந்திரத்தைப் பற்றியது. கையை அசைத்தால் நெருப்புப் பந்து பறக்கும் உலகத்தில் எவன் இந்த இடிக்கும் வேலையைச் செய்யப் போகிறான்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் ஃபேன்டசித் துவக்கின் முழுச் சுவையும் இருக்கிறது. மந்திரவாதி ஆயிரத்தில் ஒருவன். பிறப்பிலேயே வரம் வேண்டும், அல்லது குருவிடம் இருபது வருடம் படிக்க வேண்டும். வில்லாளிக்குக் கூடச் சிறுவயதில் இருந்து தோள் பழக வேண்டும். திரித் துவக்கை ஒரு கமக்காரனிடம் கொடுத்துச் சில வாரத்தில் வரிசையில் நிறுத்தலாம். அப்படியென்றால் அந்த உலகத்து மந்திரவாதிகளின் சபை துவக்கைப் பார்த்துப் பயப்படும். தடைச் சட்டம் போடும். கொல்லர்களை விலைக்கு வாங்கும் அல்லது காணாமல் ஆக்கும். அரசன் மந்திரவாதிகளிடம் இருந்து விடுபட இரகசியமாகப் பட்டறை வைப்பான். ஒரு சிறு இரும்புக் குழலில் இருந்து கதைகள் இப்படிக் கிளைவிட்டுப் போகும். துவக்கை வைத்துவிட்டு இதையெல்லாம் கவனிக்காத கேம் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

இன்னுமொரு காரணம் இருக்கிறது. மற்ற இடங்களில் அதை 'ஃபீலிங்' என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். வன்னியில் தள்ள முடியாது. ஷெல்லும் சன்னமும் நிறைந்த பிள்ளைப்பருவத்தைத் தாண்டி வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வாளும் மந்திரமும் உள்ள கேமைத் தேடிப் போவதே, துவக்கு இல்லாத ஓர் உலகத்தில் கொஞ்ச நேரம் நடப்பதற்காக. வயலில் யானையை விரட்டப் போடும் வெடி கேட்டால் இன்னும் தூக்கிவாரிப்போடும் ஒருவரிடம், 15 ஆம் நூற்றாண்டில் கவசமும் துவக்கும் ஒன்றாக இருந்தன என்று விளக்குவதில் பிரயோசனம் இல்லை. அவர் கேட்பது நியாயம். துவக்கே இல்லாத நல்ல உலகங்களும் தொடர்ந்து வர வேண்டும். துவக்கு உள்ள கேம்களில் வெடிச் சத்தத்தை மற்றச் சத்தங்களில் இருந்து பிரித்துக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். இது சின்ன வேலை. இதைச் செய்யாமல் விடுவதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி, இதைச் செய்து பார்த்த கேம்கள். முதலில் சொல்ல வேண்டியது பில்லர்ஸ் ஆஃப் இடெர்னிட்டி. அப்சிடியன் நிறுவனம் உருவாக்கியது, 2015 இல் வெளிவந்தது. அந்த உலகத்தில் மந்திரவாதிகள் தங்களைச் சுற்றி எழுப்பும் ஒரு திரை உண்டு, வாளையும் அம்பையும் பெரும்பாலும் தடுத்துவிடும். துவக்குக் குண்டு அந்தத் திரையை ஊடறுத்துப் போகும். நான் மேலே சொன்ன சமூகப் பயம் முழுவதும் இந்த ஒரே விதிக்குள் அடங்கிவிட்டது. துவக்கு மந்திரவாதிக்கு எதிரான ஆயுதம் என்று கதை சொல்கிறது, கணக்கும் அதையே சொல்கிறது. நிரப்ப நேரம் கூட, சேதமும் கூட. அதனால் அனுபவமுள்ளவர்கள் சண்டை தொடங்கும்போது எல்லோர் கையிலும் துவக்கு வைத்து ஒரு வெடி தீர்த்துவிட்டு, உடனே வாளுக்கும் கேடயத்துக்கும் மாறுவார்கள். பழைய படைகளில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அதே உலகத்தில் நடக்கும் அவவ்ட் 2025 இல் வந்தது. அங்கே உங்கள் கண்ணால் பார்த்துச் சுடலாம். ஒரு கையில் கைத்துவக்கு, மற்றக் கையில் மந்திரப் புத்தகம் என்று போகலாம்.

பிளட்போர்ன் என்ற 2015 கேம் வேறொரு வழியில் போனது. அதில் கைத்துவக்கின் சேதம் சொற்பம். எதிரி கையை ஓங்கி அடிக்க வரும் சரியான கணத்தில் சுட்டால் அவன் நிலைகுலைவான், அப்போது கிட்டப் போய்ப் பெரிய அடி அடிக்கலாம். துவக்கு அங்கே கேடயத்தின் வேலையைச் செய்கிறது. குண்டு தீர்ந்தால் உங்கள் சொந்த இரத்தத்தைக் கொடுத்து ஐந்து குண்டு செய்துகொள்ளலாம். அந்த விலையைச் செலுத்தும்போது அது கருவியா மந்திரமா என்ற பிரிவே மறைந்துபோகும். அழகான யோசனை.

டிராகன் ஏஜ் கேம்களில் குனாரி என்ற இனத்தவரிடம் மட்டும் வெடிமருந்து இரகசியம் இருக்கிறது. அவர்களுடைய கப்பல்களில் பீரங்கி உண்டு, கைத்துவக்கு இல்லை. 2011 இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு குள்ளர் இன வணிகன் அந்தச் சூத்திரத்துக்காக அலைகிறான். ஒரு குண்டு கூட உங்கள் கையால் சுடாமல், வெடிமருந்தின் பாரத்தை அந்தக் கேம் உணர்த்துகிறது. ஃபேபிள் முதல் பாகம் 2004 இல் வில்லோடு வந்தது. 2008 இல் வந்த இரண்டாம் பாகம் கதையில் 500 வருடம் தாண்டித் தீக்கல் துவக்குக்கு மாறியது. உலகம் வளர்கிறது என்று காட்ட அது நேர்மையான வழி. 2001 இல் வந்த ஆர்கேனம் இயந்திரத்தையும் மந்திரத்தையும் ஒன்றை ஒன்று கெடுக்கும் சக்திகளாக வைத்தது. ஒன்றில் வளர வளர மற்றது உங்களிடம் வேலை செய்யாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் குள்ளர் வேட்டைக்காரர் துவக்கோடு திரிகிறார்கள், ஆனால் அது வில்லின் மறுவேடம். சத்தமும் உருவமும் மட்டும் வேறு. அங்கே பொருந்துகிறது, ஏனென்றால் அந்த உலகமே கார்ட்டூன் கலகலப்போடு செய்யப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு இறுக்கமான, இருண்ட உலகங்களுக்குள் அப்படியே கொண்டுபோவதுதான் பிழை.

ஸ்கைரிமில், 2011, துவக்கு இல்லை. 2012 இல் வந்த விரிவாக்கத்தில் குறுக்குவில் மட்டும் சேர்ந்தது. நீராவியில் ஓடும் உலோகப் பொம்மைகள் நிறைந்த பழைய நகரங்கள் அங்கே இருக்கும்போது துவக்கு வராதது எனக்கு எப்போதும் வியப்பு. ஆனால் அந்தப் பனிமலைகளின் அமைதிக்கு அது சரியான முடிவு. கற்பனை இல்லாத பக்கத்தில், கிங்டம் கம் டெலிவரன்ஸ் இரண்டாம் பாகம் 1403 இன் பொஹிமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், நடக்கிறது, 2025 இல் வந்தது. மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் நான் முதலில் சொன்ன, தடி முனையில் குழல் வைத்த கைத்துவக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புபவர்களுக்கு அதில் கிடைக்கும்.

வன்னியின் சாயலில் ஒரு ஃபேன்டசி உலகம் செய்தால் துவக்கை எங்கே வைப்பது? இதைத்தான் தம்பிமாரோடு மணிக்கணக்காகக் கதைக்கலாம். இங்கே தேவையானதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. காட்டுக்குள் தனித்தனி நிலப்பரப்பை ஆண்ட வன்னியர் தலைவர்கள் இருந்தார்கள். ஒல்லாந்தருக்கு அவர்கள் திறையாகக் கொடுத்தது யானை. கடற்கரைக் கோட்டையில் பீரங்கி, உள்ளே பாலையும் முதிரையும் அடர்ந்த காடு, இடையில் குளமும் வயலும். 1803 இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் இருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான் என்று ஒட்டுசுட்டான் பக்கம் ஆங்கிலேயர் நட்ட கல்லில் எழுதியிருந்தது. அது தீக்கல் துவக்கின் காலம். வில்லும் வாளும் கூட அப்போது மறையவில்லை.

அப்படியொரு உலகத்தில் மருந்து எங்கிருந்து வருகிறது என்பதை நான் முதலில் தீர்மானிப்பேன். வெடிமருந்துக்கு வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் வேண்டும். கரிக்குக் காடு இருக்கிறது. வெடியுப்பை இலங்கையில் வௌவால் அடையும் குகைகளின் மண்ணில் இருந்து எடுத்திருக்கிறார்கள். ஆகவே வௌவால் குகை ஒன்று கதையின் முக்கியமான இடமாகிவிடும். அதைக் காவல் காப்பது யார், உள்ளே எந்தப் பேய் இருக்கிறது என்று ஒரு முழு அத்தியாயம் போகலாம். கந்தகம் எரிமலை நிலத்துச் சரக்கு, கப்பலில்தான் வர வேண்டும். அப்படியென்றால் கடற்கரைக் கோட்டையை வைத்திருப்பவன் காட்டுக்குள் இருப்பவனின் துவக்கையும் பிடித்து வைத்திருக்கிறான். கடத்தல்காரன், வணிகன், ஒற்றன் என்று பாத்திரங்கள் தாமாகவே வந்து நிற்பார்கள்.

அடுத்தது மாரி. கார்த்திகை மார்கழியில் வன்னியில் பெய்யும் மழைக்குள் திரி எரியாது. கேமில் பருவம் மாறும்போது பலம் கைமாற வேண்டும். கோடையில் கோட்டைக்காரன் வெளியே வருவான், மாரியில் வில்லாளிகளும் மந்திரக்காரிகளும் வெளியே வருவார்கள். எப்போது போருக்குப் போவது என்பதை விளையாடுபவர் வானத்தைப் பார்த்து முடிவு செய்வார். காடும் அப்படியே. திறந்த வயல்வெளியில் தூரம் எட்டாத துவக்கு, பற்றைக்குள் ஐம்பது அடிக்கு மேல் கண்ணே எட்டாத இடத்தில் பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் அங்கே ஒரு வெடி விட்டால் சுற்றிவர உள்ள எல்லோருக்கும் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். யானைக் கூட்டம் கலையும், சில வேளை உங்கள் பக்கமே வரும். வில் எடுத்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டுக்கும் தனித்தனி நியாயம் இருப்பதால் வாள் என்னத்துக்கு, வில் என்னத்துக்கு என்ற கேள்விக்கு இடமில்லாமல் போகும்.

சுடப்படுபவருக்கும் ஒரு முகம் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வன்னியை வைத்துச் செய்யும் கேமில், ஒரு வெடிக்குப் பிறகு புகை விலக எடுக்கும் அந்தச் சில விநாடியில், விழுந்தவர் யார் என்று விளையாடுபவர் பார்க்க வேண்டும். எண் குறைந்தது என்று மட்டும் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போகக் கூடாது. நிரப்புவதற்கு நீண்ட நேரம் எடுக்கும் துவக்கு இதற்கு இயல்பாகவே இடம் தருகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பில்லர்ஸ் ஆஃப் இடெர்னிட்டியில் இருந்து தொடங்கலாம். 2015 இன் கேம் என்பதால் புதிய கேம்கள் அளவுக்குப் பலமான கணினி கேட்காது. ஆனால் ஆங்கிலத்தில் நிறைய வாசிக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். சண்டை நடுவில் நிறுத்தி யோசித்துக் கட்டளை கொடுக்கலாம் என்பதால் கை வேகம் இல்லாதவர்களுக்கும் சரிவரும். உங்கள் குழுவில் ஓர் ஆளுக்காவது நீளத் துவக்கைக் கொடுங்கள். முதல் எதிரி மந்திரவாதி தன் திரையை எழுப்பியதும், முதலில் அம்பு விட்டுப் பாருங்கள், பிறகு அந்த ஆளைச் சுடச் சொல்லுங்கள்.